எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கருக்கு ஆம்ப் (ஆம்ப்ளிபயர்) தேடுறவங்க பாத்துக்கிடுங்க, எனக்கு 68,500 ரூவா போயிட்டு

நேத்து ராத்திரி முழுக்க கண்ணு மூடல, ஆத்திரத்துல டைப் பண்ணுறேன், தப்பு இருந்தா விட்டுருங்க. 68,500 ரூவா. ரப்பர் ஷீட்டு வித்து, மழைக்கு பால் வெட்டு நடக்காத மாசத்துலகூட தொடாம வச்சிருந்த காசு. என்ன நடந்துதுன்னு முதல்ல சொல்லுகேன், ஆம்ப் வாங்கும்போ என்னென்ன பாக்கணும்னு கடைசியில வெவரமா எழுதுகேன்.

எனக்க பெரியப்பா லண்டன்ல வேல பாத்துட்டு திரும்பி வரும்போ கப்பல்ல போட்டு கொண்டு வந்த ஒரு ஜோடி குவாட் ஸ்பீக்கர் எங்க தக்கலை வீட்டுல கெடக்கு, குவாட்ங்கிறது இங்கிலாந்து கம்பெனி. 1957ல வந்த மாடல், அதனால அம்பத்தேழுன்னே பேரு. பாத்தா ஸ்பீக்கர்னு யாரும் சொல்ல மாட்டாங்க, வீட்டுக்கு வாற ஆளெல்லாம் "இது ரூம் ஹீட்டரா, இந்த வேக்காட்டுல எதுக்குடே ஹீட்டரு"ன்னு கேப்பாங்க. உள்ள கோனும் கெடையாது காயிலும் கெடையாது, மெல்லிசா ஒரு பிலிம்தான், அதுல ஏத்தி வச்ச வோல்ட்டால அது அதிர்ந்து சத்தம் வரும், இதத்தான் எலக்ட்ரோஸ்டேடிக்னு சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் பேஸ் பேனல், அதுல 6000 வோல்ட் நிக்கும், நடுவுல டிரெபிள் பேனல், அதுல 1500. அதுல மனுசக் குரல் கேட்டுட்டா பொறவு வேற ஸ்பீக்கர்ல காது ஒட்டாது, அது ஒரு சாபம்.

பெரியப்பா 15 வாட் வால்வு ஆம்ப்லதான் ஓட்டினாரு. அது டிரான்ஸ்பார்மர் கருகி போன பொறவு ஸ்பீக்கர் ரெண்டையும் துணி போட்டு மூடியாச்சு. இந்த வருசம்தான் பேனலை சரி பண்ணி எடுத்தேன், அது தனிக் கத.

இதுக்கு பெரிய வாட் ஆம்ப் போட்டா நல்லா இருக்கும்னு நெனச்சா முடிஞ்சுது. பேனல்ல நிக்கிற 1500 வேற, ஆம்ப்ல இருந்து வாற வோல்ட்டுல அந்த டிரெபிள் பேனல் தாங்குறது உச்சத்துல 33தான். 8 ஓம்ல 100 வாட் குடுக்க ஆம்ப் 40 வோல்ட்டு தொடும், பிலிம் பொத்துட்டு போயிரும். போதாததுக்கு பேருக்கு 15 ஓம்னு சொன்னாலும் ஒசந்த ப்ரீக்வன்சியில ரெண்டு ஓமுக்கு கீழ எறங்கிரும், கிட்டத்தட்ட ஒரு கெப்பாசிட்டர இழுக்குற மாதிரி. சில ஆம்ப் அதுக்கு தாங்காம, பாட்டு இல்லாமலே தானா அதிர ஆரம்பிச்சு (ஆசிலேட் ஆகி) துள்ளும். அதனாலதான் நான் அதே கம்பெனிக்க குவாட் 303 ஆம்ப் தேடினேன். 1967ல வந்தது, 45 வாட், உள்ள ஏறாம எறங்காம ஒரே அளவுல நிக்கிற 67 வோல்ட் ரெகுலேட்டட் சப்ளை, ஸ்பீக்கருக்கு அதுல பாதி, முப்பத்திமூணரை, அதுக்கு மேல போகணும்னு நெனச்சாலும் போகாது. இந்த ஸ்பீக்கருக்குன்னே செஞ்ச மாதிரி.

அப்பதான் பழைய ஆடியோ சாமான சர்வீஸ் பண்ணி ஆன்லைன்ல விக்கிற ஒரு கடை கண்ணுல பட்டுது. பேரு எழுத மாட்டேன், வெளியூர் கடை, போட்டோ எல்லாம் பளபளன்னு இருக்கும். கடைக்காரரு 303 இருக்கு, முழுசா ரீக்கேப் பண்ணது (பழைய கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தினது), 68,500ன்னாரு. வீடியோ கால்ல காட்டினாரு. நான் யோசிச்சுட்டே இருக்கேன், அவரு தானா சொல்லுகாரு, "அண்ணே உங்க பேனலுக்கு 33 வோல்ட்தான லிமிட், இது அத தாண்டாது, நான் கேரண்டி"ன்னு. நான் அங்கதான் விழுந்தேன். சவத்த, விசயம் தெரிஞ்ச ஆளு, நம்மள மாதிரி ஒருத்தன்னு நெனச்சு அந்த நிமிசமே ஜிபே பண்ணிட்டேன், பேரம்கூட பேசல.

நேத்து பழைய மெசேஜ் எல்லாம் மேல தள்ளி பாத்தா, அந்த 33 வோல்ட்ட முதல் மெசேஜ்ல எழுதினதே நான்தான். எனக்கே திருப்பி சொல்லியிருக்கான், நானும் வாயப் பொளந்து கேட்டிருக்கேன்.

பார்சல் வந்துது. மொத நாள் மெதுவா வச்சு கேட்டேன், கொள்ளாம், கொஞ்சம் கரகரப்புதான். ரெண்டாவது நாள் நாதஸ்வரம் போட்டேன், ஒரு சொல்ப்பம் கூட்டினேன், வலது பக்கம் சட்டுனு ஒரு சத்தம், வெல்டிங் பட்டறை மாதிரி ஒரு வாடை, அவ்வளவுதான், டிரெபிள் செத்துட்டு.

நாகர்கோவில் வடசேரியில ஒரு வயசான ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி உண்டு, அவருட்ட கொண்டு போனேன். மூடிய கழத்தி பாத்துட்டு ஒண்ணும் பேசல, மீட்டர மட்டும் வச்சு என்னய எட்டி பாக்க சொன்னாரு. சப்ளை ப்ளஸ் 48, மைனஸ் 48, அப்ப ஸ்பீக்கருக்கு 33ஐத் தாண்டி போகும். வெளிய 303க்க பெட்டி, உள்ள ரெகுலேட்டர் போர்டையே காணல, வேற ஏதோ கிட் போர்டு ரெண்டு ஸ்குரூ அடிச்சு வச்சிருக்கு. "தம்பி, இது பெட்டி மட்டும்தான் ஒரிஜினல்"ன்னாரு.

கடைக்கு போன் போட்டேன். மொத நாள் "டெக்னீசியன்ட கேட்டு சொல்லுகேன் அண்ணே". ரெண்டாவது நாள் "ஓனர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரு, வந்ததும் பேசுவாரு". பொறவு "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" இருந்துது, அனுப்பினேன். உடனே "மூடிய தொறந்துட்டீங்க, வாரண்டி போச்சு". கடைசியில வந்துது பாருங்க, "சார் நீங்க கன்னியாகுமரி, கடல் காத்து, அதான் பேனல் போயிருக்கும்". அதுவரைக்கும் அண்ணே, இப்ப சார். கடல் எங்க தெருவுலயா கெடக்கு, குளச்சலுக்கு பஸ் ஏறணும்டே! அதுக்கு ஒரு கட்டைவிரல் எமோஜி. இப்ப பிளாக் பண்ணியாச்சு. 68,500 ரூவாக்கு ஒரு கட்டைவிரல்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்திருக்கேன், பாக்கலாம்.

வெவரமா எழுதுகேன்னேன், எழுத மனசு வரல. உள்ள தொறந்த போட்டோ இல்லாம காசு அனுப்பாதீங்க. மீட்டர் வச்சு சப்ளை வோல்ட்ட வீடியோவுல காட்ட சொல்லுங்க, முடியாதுன்னா விட்டுருங்க. உங்க ஸ்பீக்கருக்க கணக்க நீங்களா எடுத்து குடுக்காதீங்க, அவன் வாயில இருந்து வரட்டும். கைக்கு வந்ததும் நேரா ஸ்பீக்கர்ல சொருகாம மொதல்ல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டுங்க. ஜிபே வேண்டாம்.

யார்ட்டயாவது அம்பத்தேழுக்க டிரெபிள் பேனல் ஒண்ணு விக்கதுக்கு இருந்தா சொல்லுங்க, நானே நேர்ல வந்து பாத்து எடுத்துக்கிடுவேன், பார்சல் வேண்டவே வேண்டாம்.