பரு என்று சொல்லி 18,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்: தயவுசெய்து படியுங்கள்

இன்று காலைதான் அரசு மருத்துவமனையிலிருந்து திரும்பினேன். வயிறு எரிகிறது, ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இரண்டு மாதமாக என் நெற்றியில் இருப்பது முகப்பருவே இல்லை. தேமலுக்குக் காரணமான அதே மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, மயிர்க்கால்களுக்குள் பெருகியதால் வந்த கொப்புளங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன செலவு பஸ் டிக்கெட் மட்டும். அதற்கு முன் தொலைத்தது 18,500 ரூபாய்.

வைகாசி வெயிலில் தலைக்கவசத்தோடு வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு வண்டி ஓட்டுகிறவள் நான். முடி தொடங்கும் இடத்தில் கடுகளவில், எல்லாம் ஒரே மாதிரி, பொரிப்பொரியாகக் கிளம்பின. வியர்த்தால் அரிப்பு தாங்காது. தங்கை கல்யாணம் நெருங்கியதால் வீட்டருகே உள்ள சரும அழகு நிலையம் ஒன்றுக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் அம்மாள் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். "என் பெண்ணுக்கும் இப்படித்தான் இருந்தது கண்ணு, ஆறே வாரத்தில் சரியாக்கிவிட்டேன்" என்றார். 'என் பெண்ணுக்கும்' என்றாரே, அதில்தான் விழுந்தேன். நீங்கள் மருத்துவரா என்று கேட்க வாய் வரவில்லை. கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த 18,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அரிக்கிறதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாரம் ஒரு முறை ஆவி, எண்ணெய்ப் பசையுள்ள ஒரு சீரம், கூடவே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. மூன்றாம் வாரம் கன்னப்பொறி, மார்பு, முதுகு என்று பரவிவிட்டது. போன் செய்தால், "உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது, நல்லதுதான்." அடுத்த வாரம், "சாக்லேட் சாப்பிட்டீர்களா?" அதற்குப் பிறகு அந்த அம்மாள் பேசவே இல்லை, வரவேற்பில் இருக்கும் பெண், "மேடம் வெளியூர்" என்றே நாலு நாள் சொன்னாள். நேரில் போய் நின்றேன். பணம் திரும்பாதாம், வேண்டுமானால் ஒரு ஃபேஷியல் செய்துகொள்ளலாமாம். 18,500 ரூபாய்க்கு ஒரு ஃபேஷியல்! தங்கை கல்யாணப் படம் ஒன்றில்கூட நான் முகத்தை நேராகக் காட்டவில்லை.

இன்று பார்த்த மருத்துவர் முதலில் கேட்டதே "அரிக்கிறதா?" என்றுதான். பருவில் வரும் கரும்புள்ளி, வெண்புள்ளி எதுவும் இங்கே இல்லை பாருங்கள் என்றார். ஒரு கொப்புளத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவை ஒடுக்கியதும் ஈஸ்டுக்குப் போட்டியே இல்லாமல் போய்விட்டதாம். கொழுப்பைத் தின்று வளரும் அதற்கு அந்த சீரம் தீனி போட்டிருக்கிறது. கல்லீரல் கோளாறு உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று விசாரித்த பிறகே இட்ராகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை எழுதினார். 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் தடவி, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவச் சொல்லியிருக்கிறார்.

எப்படிக் கண்டறிவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அரிக்கிற, ஒரே அளவுப் பொரி என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவாதீர்கள், இன்னும் மோசமாகும். வியர்த்த துணியை உடனே மாற்றுங்கள். முன்பணம் கட்டாதீர்கள். கட்டினால் ரசீது வாங்குங்கள். 18,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது முத்திரைகூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு.