ஹேக்கில்பேக் என்று வாங்கினேன், தோசைமேல் சிவந்துவிட்டது

கல்யாண நாளுக்குக் கேவியர், அதாவது ஸ்டர்ஜன் என்ற மீனின் உப்பிட்ட சினை, வாங்கி ஏமாந்த கதை இது. அமெரிக்காவில் ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

பெலூகா என்ற ஸ்டர்ஜன் வகையின் கேவியர் இறக்குமதிக்கு 2005 முதல் இங்கே தடை. அதனால் உள்நாட்டுச் சரக்கைத்தான் தேடினேன். கலிஃபோர்னியாப் பண்ணைகளில் வளரும் ஒயிட் ஸ்டர்ஜன் கைக்கு எட்டவில்லை. அந்த மீனுக்குச் சினை பிடிக்கவே எட்டுப் பத்து வருஷம் ஆகும், விலையைக் குறை சொல்லவும் முடியாது. பேடில்ஃபிஷ் என்ற வேறு மீனின் சினை மலிவு, ஆனால் சாம்பல் நிறம், லேசான மண்வாசனை. கடைசியில் மிசிசிப்பி ஆற்று ஹேக்கில்பேக்கில் வந்து நின்றேன். அதுவும் ஸ்டர்ஜன் இனம்தான், சின்ன மணி, நல்ல கறுப்பு. ஒரு அவுன்ஸ் டப்பா இரண்டு, 90 டாலர். கூரியருக்கு 30 தனி.

பெட்டி வந்தபோது ஐஸ் பேக் முழுக்கத் தண்ணீர். டப்பாவில் சில்லிப்பே இல்லை. பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்க வேண்டிய பொருள் அது. அப்போதே படம் எடுத்துத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். விருந்து ஆசை, விடவில்லை.

சரி, முறைப்படியே சாப்பிடுவோம் என்று கிண்ணத்தில் ஐஸ் போட்டு அதன்மேல் டப்பாவை வைத்தேன். வெள்ளிக் கரண்டி ருசியைக் கெடுக்கும் என்பதால் பிளாஸ்டிக் கரண்டி. முதல் வாய் வெறும் கேவியர்தான். கடிக்காமல் நாக்கால் மேலண்ணத்தில் அழுத்த வேண்டும். உப்புத்தான் தூக்கலாக இருந்தது. பிளினி என்ற குட்டி ரஷ்ய அப்பத்துக்குப் பதிலாக மனைவி காசு அளவில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஆற விட்டு, கொஞ்சம் சவர் கிரீம் தடவி, அதன்மேல் வைப்பதுதான் முறை. எனக்கு எங்கே பொறுமை? கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு கரண்டி வைத்தேன்.

"என்னங்க, இது சிவக்குது!" என்றாள். பார்த்தால், தோசையைத் தொட்டுக்கொண்டிருந்த மணிகள் கறுப்பு மாறி ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தன.

டப்பாவைத் திருப்பினேன். மூடியில் தங்க எழுத்தில் 'அமெரிக்கன் பிளாக் கேவியர்'. அடியில் எறும்பு சைஸில் 'அமியா கால்வா சினை, உப்பு'. தேடினால், அது போஃபின். லூசியானா சதுப்பு நிலங்களில் ஷூபிக் என்று அழைக்கும் மீன். ஸ்டர்ஜனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, விலையும் ரொம்பக் குறைவு. சூடு பட்டால் சிவப்பது அந்தச் சினையின் குணம். போஃபின் என்றே சொல்லி விற்றிருந்தால் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பேன். மோசமான பொருள் இல்லை அது.

அமெரிக்க விதிப்படி வெறும் 'கேவியர்' என்று போட்டால் அது ஸ்டர்ஜனாக இருக்க வேண்டும். வேறு மீன் என்றால் அதன் பெயரை முன்னால் போட்டாக வேண்டும். இதைக் கடைக்கு எழுதிக் கேட்டேன். 'திறந்த டப்பாவுக்குப் பணம் திரும்பாது, அடுத்த ஆர்டருக்கு 15 சதவீதத் தள்ளுபடி' என்று பதில் வந்தது. அடுத்த ஆர்டராம்!

தளத்தில் ஹேக்கில்பேக் என்று போட்டிருந்த பக்கத்தை நல்லவேளையாகப் படம் பிடித்து வைத்திருந்தேன். கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் புகார் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் வாங்கினால் மீனின் பெயர், அறிவியல் பெயர் இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். டப்பா வந்ததும் திறப்பதற்கு முன் அடிப்பக்கத்தைப் படியுங்கள்.

மிச்சத்தை மறுநாள் முட்டைப் பொடிமாஸில் போட்டோம். அதுவும் சிவந்தது.