கிழக்காசிய இளையோருக்குப் பேச்சு சிகிச்சை: மாற்றியமைத்த சிபிடியா, மொரிட்டாவா, தாவோ வழியா?

1970களில் ஸ்டான்லி சூ என்ற உளவியலாளர் அமெரிக்காவின் சியாட்டில் பகுதி மனநல மையங்களின் பதிவுகளை அலசினார். சிகிச்சைக்கு வந்த ஆசிய வம்சாவளியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் முதல் அமர்வோடு நின்றுவிட்டார்கள். வெள்ளையரில் அப்படி நின்றவர்கள் சுமார் 30 சதவீதம். பேச்சு சிகிச்சையைக் கிழக்காசியருக்கு எப்படிப் பொருத்துவது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. பதற்றமோ மனச்சோர்வோ உள்ள ஒரு பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு எது உதவும் என்பதை மட்டும் வைத்து இங்கே எடைபோடுகிறேன்.

எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பார்க்கப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை (சிபிடி) அப்படியே மொழிபெயர்த்துக் கொடுப்பது ஒரு வழி. இதை லேசாக எண்ணிவிடக் கூடாது. ஆய்வு ஆதாரம் இதற்குத்தான் அதிகம். ஜப்பானில் 2010 முதல் மனச்சோர்வுக்கு மருத்துவக் காப்பீட்டிலேயே 16 அமர்வுகள் வரை இது கிடைக்கிறது. மனதை வாட்டும் எண்ணத்தை எழுதி, அது எவ்வளவு சரி என்று சோதிக்கும் எண்ணப் பதிவுத் தாளை எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சீனாவில் காவோகாவ் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 2024இல் மட்டும் அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அவள் தாளில் எழுதுகிறாள்: ‘நான் தோற்றால் அம்மா தலைநிமிர்ந்து நடக்க முடியாது.’ இதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று கேட்பது அடுத்த கட்டம். ஆதாரப் பத்தி மளமளவென்று நிரம்புகிறது. அம்மா வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகை அறை எடுத்து அவளுக்குச் சமைத்துப் போடுகிறார். அப்பா வெளியூரில் உழைத்துப் பணம் அனுப்புகிறார். உறவினர்கள் ஒவ்வொரு மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணையும் விசாரிக்கிறார்கள். எதிர் ஆதாரப் பத்தி காலி. ‘உன் எண்ணம் திரிபானது’ என்று ஆலோசகர் சொன்னால், இவருக்கு என் வீடு புரியவில்லை என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். அது நியாயமான முடிவுதான்.

நல்ல தழுவல் இங்கே கேள்வியையே மாற்றும். வருத்தப்படுவார்கள், சரி. அந்த வருத்தம் எத்தனை நாள் இருக்கும்? அப்புறம் அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் வருத்தப்படும்போது நீ எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்? எண்ணம் உண்மையா பொய்யா என்ற வழக்காடல் போய், அது உண்மையானாலும் எப்படி வாழ்வது என்ற பேச்சு வருகிறது. தழுவல் என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது இதுவல்ல என்பதுதான் என் வருத்தம். கையேட்டில் பெயர்களை மாற்றி, அட்டையில் மூங்கில் படம் போட்டதோடு வேலை முடிந்துவிடுகிறது.

உள்ளே வரை மாற்றிப் பார்த்த முயற்சிகளில் அமெரிக்க உளவியலாளர் வெய்-சின் ஹுவாங்கின் குழு செய்தது முக்கியமானது. மனச்சோர்வுள்ள சீன அமெரிக்கர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிபிடியும் மற்றவர்களுக்குச் சீனப் பழமொழிகளும் குடும்பக் கடமை பற்றிய பேச்சும் சேர்ந்த தழுவலும் 12 அமர்வுகள் கொடுத்தார்கள். 2015இல் வந்த முடிவின்படி, தழுவிய சிகிச்சை பெற்றவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் இரு பக்கத்திலும் பெரும்பாலோர் முழுமையாகத் தேறவில்லை. கலந்துகொண்டவர்கள் வயதுவந்தோர் என்பதையும் மறக்கக் கூடாது.

தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சு இறுக்கம் என்று உடலைச் சொல்லி வரும் பிள்ளைகள் ஏராளம். சீனாவின் ஹுனான் மாகாணத்தில் நரம்புத் தளர்ச்சி என்று முத்திரை குத்தப்பட்டிருந்த 100 பேரை அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மேன் பரிசோதித்தபோது, 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. உடலைப் பற்றிக் கேட்டுத் தொடங்கும் ஆலோசகரிடம் பிள்ளை பேசும். ‘உன் உணர்வு என்ன?’ என்று தொடங்குபவர் முன் வாயடைத்து உட்கார்ந்திருக்கும்.

சரி, அந்த மண்ணிலேயே பிறந்த சிகிச்சைகள்? மனநல மருத்துவர் மொரிட்டா ஷோமா 1919 வாக்கில் டோக்கியோவில் உருவாக்கிய முறை பதற்றத்தை விரட்டச் சொல்வதில்லை. முகம் சிவப்பதும் கை நடுங்குவதும் இருக்கட்டும், கையில் உள்ள வேலையைச் செய் என்கிறது. பழைய வடிவில் முதல் ஒரு வாரம் படுக்கையிலேயே தனிமை, பிறகு சிறு வேலை, அப்புறம் பெரிய வேலை, கடைசியில் வெளியுலகம். தினமும் எழுதும் நாட்குறிப்பில் மருத்துவர் சிவப்பு மையில் குறிப்பு எழுதித் தருவார். தன் பார்வையோ வியர்வை வாடையோ பிறருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று அஞ்சும் பிள்ளைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் மாதக்கணக்கில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பவனுக்கு அந்தப் படுக்கை வாரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாட்குறிப்போடு வெளிநோயாளியாக வந்துபோகும் இன்றைய வடிவம் போதும்.

பழைய சீனத் தத்துவமான தாவோவை ஒட்டி, சீனாவின் சாங்ஷா நகரில் ழாங் யாலின் குழு உருவாக்கிய தாவோ அறிவாற்றல் சிகிச்சையின் சாரம் 32 சீன எழுத்துகளில் அடங்கும்: போட்டியிடாதே, போதும் என்பதை அறி, மென்மையால் கடினத்தை வெல். பதற்ற நோயாளிகள் 143 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு முதல் மாதம் பலன் தெரிந்து, ஆறாம் மாதத்தில் கரைந்துபோனது. தாவோ சிகிச்சை மெதுவாகத் தொடங்கி ஆறாம் மாதத்தில் பலன் காட்டியது. நடுவயதுக்காரருக்கு இது அருமையான வழி. தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும் பிள்ளையிடம் போய் ‘போட்டியிடாதே’ என்றால் பெற்றோர் அடுத்த வாரம் அழைத்து வரமாட்டார்கள். மரபில் வந்தது என்பதற்காகவே அது இளையோருக்குப் பொருந்திவிடாது.

ஜப்பானின் நாய்கான் முறையில் என் தயக்கம் இன்னும் பெரிது. அம்மாவிடம் பெற்றது என்ன, திருப்பிக் கொடுத்தது என்ன, கொடுத்த தொல்லை என்ன என்று நாள் முழுக்கத் தனியே அமர்ந்து எண்ணிப் பார்ப்பது அதன் வழி. குற்ற உணர்வில் ஏற்கெனவே மூழ்கிக் கிடக்கும் பிள்ளையிடம் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்க எனக்கு மனம் வராது.

ஆகவே என் தேர்வு, உள்ளே வரை மாற்றிய சிபிடி. சமூகப் பதற்றம் முதன்மையாக இருந்தால் அதோடு மொரிட்டாவின் நாட்குறிப்பும் சேரட்டும். எந்த வழியானாலும் முதல் அமர்வின் ஒரு பகுதியைப் பெற்றோருக்கு ஒதுக்க வேண்டும். பிள்ளை சொல்வதில் எது இந்த அறைக்குள்ளேயே இருக்கும், தற்கொலை எண்ணம் போல எது வீட்டுக்குச் சொல்லப்படும் என்பதை இரு தரப்பும் கேட்க அன்றே சொல்லிவிட வேண்டும். பணம் கட்டுவதும் அழைத்து வருவதும் பெற்றோர்தான். அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால் இரண்டாம் அமர்வு நடக்காது.