மர்ஃபியின் நீல அட்டை நூல்: வலப்பக்கத்துக்காகவே வாங்கலாம்

ரேமண்ட் மர்ஃபி எழுதிய 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1985ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்டது. இங்கே மதிப்பிடப்படுவது 2019இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஆசிரியர் இல்லாமல் தாமாகவே ஆங்கில இலக்கணம் பயில விரும்புகிறவர்களிடம் அதிகம் பரிந்துரைக்கப்படும் நூல் இதுதான் என்பதால், நல்ல நூலா என்று கேட்பதைவிட, எதற்கு நல்ல நூல், எந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது என்று கேட்பதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும்.

அமைப்பு மிக எளிது. மொத்தம் 145 அலகுகள். ஒவ்வோர் அலகும் விரித்து வைத்தால் எதிரெதிராகத் தெரியும் இரண்டே பக்கங்கள். இடப்பக்கத்தில் விளக்கமும் எடுத்துக்காட்டுகளும், வலப்பக்கத்தில் அவற்றுக்கான பயிற்சிகளும் இருக்கின்றன. நூலின் இறுதியில் விடைகள் உள்ளன. ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்துமானால் அவற்றையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். விளக்கங்கள் சுருக்கமானவை, கலைச்சொற்கள் குறைவு. ஆனால் இடப்பக்கத்தில் இருப்பதை வேறு பல இலக்கண நூல்களிலும் படித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நுட்பத்தை எடுத்துக்கொண்டு அதை நான்கைந்து விதமாகக் கேட்டு, கைக்குப் பழக்கமாகும் வரை எழுத வைக்கும் வலப்பக்கம்தான் இந்த நூலின் உண்மையான சரக்கு.

இதன் பலம் நன்றாகத் தெரியும் இடம் பிரசன்ட் பெர்ஃபெக்ட் ('ஐ ஹேவ் ஈட்டன்' போன்ற வினை வடிவம்). ஏழாம் அலகு தொடங்கிப் பதினெட்டாம் அலகு வரை இதற்கும் இதையொட்டிய இறந்தகால வடிவங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழில் 'இரண்டு வருடமாக இங்கே வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவர் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று சொல்லும்போது ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் நேர்கின்றன: வினை வடிவம் ஒன்று, 'ஃபார்' வர வேண்டிய இடத்தில் 'சின்ஸ்' வந்தது மற்றொன்று. மர்ஃபி இவ்விரண்டையும் ஒரே மூச்சில் திருத்த முயலாமல், முதலில் வினை வடிவத்தைத் தனியாகப் பழக்கி, அதன் பிறகே கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய நேரத்துக்கு 'சின்ஸ்' என்ற வேறுபாட்டுக்கு வருகிறார். ஒரே சூழலுக்கு 'ஹவ் லாங்' என்று தொடங்கும் கேள்வியையும் 'வென்' என்று தொடங்கும் கேள்வியையும் அடுத்தடுத்து எழுதச் சொல்லும் பயிற்சியில், முதலாவதற்கு பெர்ஃபெக்ட் வடிவமும் இரண்டாவதற்கு சிம்பிள் பாஸ்ட்டும் ஏன் வேண்டும் என்பது நீண்ட விளக்கம் எதுவும் இல்லாமலே பிடிபட்டுவிடுகிறது. 'யெஸ்டர்டே' போன்ற முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் பெர்ஃபெக்ட் வராது என்ற விதியைப் பள்ளியிலேயே கேட்டிருப்போம். கேட்டதற்கும் பேசும்போது அது தானாக நாவில் வருவதற்கும் உள்ள தூரத்தைக் குறைக்க இந்தப் பன்னிரண்டு அலகுகளும் போதுமான அளவுக்கு உழைக்கின்றன.

'ஐ ஆம் ஹேவிங் எ கார்', 'ஐ ஆம் நோயிங் ஹிம்' என்று சொல்கிறவர்களுக்கு நான்காம் அலகும், 'ஹேவ்' பற்றிய பதினேழாம் அலகும் மருந்து. நிலையைக் குறிக்கும் வினைகள் தொடர்வினை வடிவம் ஏற்பதில்லை என்பதோடு, 'ஹேவ்', 'திங்க்' போன்றவை பொருள் மாறும்போது அந்த வடிவத்தை ஏற்பதையும் அங்கே காட்டியிருக்கிறார். எதிர்மறைக் கேள்விகளுக்கு விடை சொல்லும் முறையைத் தொட்டுச் செல்லும் ஒரு சிறு குறிப்பும் நமக்கு முக்கியமானது. 'டோன்ட் யூ வாண்ட் டு கோ?' என்று கேட்டால், போக விரும்பாத தமிழர் 'ஆமாம், போக விரும்பவில்லை' என்ற நினைப்பில் 'யெஸ்' என்று சொல்லிவிடுவார். கேட்டவரோ அவர் போகத் தயார் என்று எடுத்துக்கொள்வார். இப்படிப்பட்ட விஷயத்துக்கு நூல் தந்திருக்கும் இடம் போதாது. எல்லா நாட்டு மாணவர்களுக்குமாக எழுதப்பட்ட நூலில் ஒரு மொழிக்காரருக்கு மட்டும் கூடுதல் பக்கங்களை எதிர்பார்க்க முடியாதுதான். எல்லா வாக்கியத்தின் பின்னாலும் 'இஸின்ட் இட்' என்று ஒட்டிவிடும் பழக்கத்துக்கு மட்டும் ஐம்பத்திரண்டாம் அலகு முழுதாகவே பதில் சொல்கிறது.

'எ', 'ஆன்', 'த' என்னும் ஆர்ட்டிகிள்களும் பெயர்ச்சொற்களும் 69 முதல் 81 வரையிலான அலகுகளில் வருகின்றன. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' ஆகியவற்றோடு 'எஸ்' சேர்க்கக்கூடாது என்பதற்கான பயிற்சிகள் சிறப்பானவை. பள்ளிக்குப் படிக்கப் போகும் மாணவர் 'கோஸ் டு ஸ்கூல்', ஆசிரியரைப் பார்க்கப் போகும் பெற்றோர் 'கோஸ் டு த ஸ்கூல்' என்ற வகை வேறுபாட்டையும் தெளிவாகவே பிரித்துக் காட்டுகிறார். எவரெஸ்டுக்கு 'த' வேண்டாம், ஆண்டீஸ் மலைத்தொடருக்கு வேண்டும் என்பன போன்ற விதிகளைப் புவியியல் வினாடி வினா வடிவில் கேட்டிருப்பது ரசிக்கும்படி உள்ளது. இருந்தாலும் இந்தப் பகுதியில்தான் நூலின் குறையும் வெளிப்படுகிறது. ஒரு பொருள் கேட்பவருக்கு முன்பே தெரிந்ததா, இல்லையா என்பதைப் பொறுத்தே 'எ' அல்லது 'த' பெரும்பாலும் அமைகிறது. அதை முடிவு செய்வது முந்தைய வாக்கியம். மர்ஃபியின் பயிற்சிகளோ பெரும்பாலும் தனித்தனி வாக்கியங்களாகவோ இரண்டு மூன்று வரி உரையாடல்களாகவோ நின்றுவிடுகின்றன. ஒரு முழுப் பத்தியில் ஆர்ட்டிகிள்களை நிரப்பிப் பார்க்கும் உழைப்பை இந்த நூலை மட்டும் வைத்துக்கொண்டு போதிய அளவு செய்ய முடியாது. ஏதேனும் ஒரு செய்திக் கட்டுரையை எடுத்து, ஆர்ட்டிகிள்களை அழித்துவிட்டு, மறுநாள் தாமே நிரப்பிப் பார்ப்பது நல்ல துணைப்பயிற்சியாகும்.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. அலகின் தலைப்பே விடையைப் பாதி சொல்லிவிடுகிறது. 'ஃபார்', 'சின்ஸ்' பற்றிய பக்கத்தில் இருக்கும் கோடிட்ட இடத்தில் இவ்விரண்டில் ஒன்றுதான் வரும் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறோம். உண்மையில் ஒரு மின்னஞ்சல் எழுதும்போது எந்த விதி இப்போது தேவை என்று யாரும் தலைப்பிட்டுத் தருவதில்லை. இதனால்தான் ஒரு பக்கத்தை ஒரு பிழையும் இல்லாமல் முடித்தவர் அடுத்த வாரம் அதே பிழையோடு பேசுகிறார். இதற்கான மாற்று நூலுக்குள்ளேயே இருக்கிறது, பலரும் அதுவரை போவதில்லை: பின்பகுதியில் உள்ள கூடுதல் பயிற்சிகள். அவை பல அலகுகளைக் கலந்து கேட்கின்றன. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் வருகிறது. ஒரு பகுதியை முடித்த கையோடு அவற்றைச் செய்யாமல், சில நாள் இடைவெளி விட்டுச் செய்தால்தான் எது நின்றது, எது நழுவியது என்பது தெரியும். விடைகளை நூலிலேயே எழுதிவிட்டால் இரண்டாம் முறை பயிற்சி செய்ய வழியில்லாமல் போகும் என்பதால், தனி நோட்டில் முழு வாக்கியமாக எழுதுவது நல்லது.

பிரிபொசிஷன்களுக்கு 121 முதல் 136 வரை பதினாறு அலகுகள். தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றும் பங்கிட்டுக்கொள்வதால் இவ்வளவு பக்கங்களும் நமக்குத் தேவையே. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபவுட்' வேண்டாம் என்பது போன்ற குறிப்புகளை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் வரும் ஃபிரேசல் வெர்ப் ('கெட் அப்' போன்ற கூட்டு வினைகள்) பகுதி எனக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. மனப்பாடத்தை நம்பி நிற்கும் பக்கங்கள் அவை, படித்தும் கேட்டும் தாமே சேர வேண்டிய சொற்களுக்கு இந்த முறை பொருந்தவில்லை.

தேர்வுக்காக வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிப்போர்ட்டட் ஸ்பீச்சுக்கு இதில் இரண்டே அலகுகள், பாஸிவுக்கு ஐந்து. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக, நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக என்று வரிசையாக வாக்கியங்கள் கேட்கும் வினாத்தாளுக்குத் தயாராகிறவருக்கு இது போதாது. அந்த வடிவங்களை எப்போது பயன்படுத்துவது என்பதிலேயே மர்ஃபியின் கவனம் இருக்கிறது.

முதல் அலகிலிருந்து கடைசி அலகு வரை வரிசையாகச் செய்து முடிக்க வேண்டிய நூல் அல்ல இது என்று முன்னுரையிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் உள்ள ஸ்டடி கைடு என்ற வழிகாட்டித் தேர்வை முதலில் எழுதி, தவறிய கேள்விக்கு எதிரே குறித்திருக்கும் அலகுகளுக்கு மட்டும் போவதே முறை. முழு நூலும் ஆங்கிலத்திலேயே விளக்குவதால் இடைநிலைக்குக் கீழே இருப்பவருக்கு இது கடினமாக இருக்கும்; அவருக்கு அதே ஆசிரியரின் சிவப்பு அட்டை நூலான 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்' பொருத்தம். அதன் நான்காம் பதிப்பில் 115 அலகுகள் உள்ளன. இதை முடித்து மேலே போக விரும்புகிறவருக்கான 'அட்வான்ஸ்டு கிராமர் இன் யூஸ்' நூலை எழுதியவர் மார்ட்டின் ஹியூவிங்ஸ்.

நூல் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுகிறது. 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்' என்பதற்குப் பதிலாக 'ஐ ஜஸ்ட் ஏட்' என்று கேட்டுப் பழகியவர்கள் அது பிழை என்று முடிவுகட்டிவிடாமல், அமெரிக்க வழக்குகளைத் தொகுத்திருக்கும் ஏழாம் பின்னிணைப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வகுப்பறைகளுக்காக விடைகள் இல்லாத பதிப்பும் விற்கப்படுகிறது. தனியாகப் பயில்கிறவர் விடைகளுடன் கூடிய பதிப்பா என்று அட்டையைப் பார்த்து உறுதிசெய்துகொண்டே வாங்க வேண்டும். இரண்டின் அட்டைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.