பிம்பத்தை இறக்குவதா, புதிதாக நிறுவுவதா?

ஆற்காட்டில் ஓர் அரிசி மண்டியின் கணினியில் மதர்போர்டு போய்விட்டது. வட்டின் முழுப் பிம்பம், அதாவது விண்டோஸ் உட்பட அதிலிருந்த எல்லாவற்றின் அப்படியே நகல், கையில் இருந்தது. கணக்கு மென்பொருள், பிரிண்டர் அமைப்பு, தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அப்படியே வந்துவிடும் என்பதால் அதையே புதிய கணினியில் இறக்கினேன்.

பூட் ஆகவில்லை. பழைய வட்டு, எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருந்தது. புதிய கணினியோ யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை மட்டுமே ஏற்கும்; அதற்கு ஜிபிடி பகிர்வு வேண்டும். மீட்பு யுஎஸ்பியிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி கருவியை ஓட்டி வட்டை ஜிபிடிக்கு மாற்றினேன். அடுத்து நீலத் திரை. வட்டுக் கண்ட்ரோலரை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழைய விண்டோஸில் இல்லை. தான் குடியிருக்கும் வட்டையே விண்டோஸால் படிக்க முடியவில்லை. அந்த டிரைவரை விண்டோஸின் டிஸ்ம் கட்டளையால் சேர்த்த பிறகுதான் உயிர் வந்தது. மாலை 4 மணிக்கு உட்கார்ந்தவன் இரவு 9 மணிக்கு எழுந்தேன். பழைய கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் (ஓஇஎம்) அந்த மதர்போர்டோடு போயிற்று; அதைப் புதிதாக வாங்க வேண்டும். புதிதாக நிறுவினாலும் இந்தச் செலவு உண்டு.

புதிய நிறுவலில் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் எழுவதில்லை, பழைய குப்பையும் ஒட்டாது. மென்பொருள்களின் நிறுவல் கோப்பும் உரிம எண்ணும் கையில் இருந்தால் நான் இதையே செய்வேன். மண்டியில் அவை யாரிடமும் இல்லை. அறுவடைக் காலத்தில் கணக்கு ஒரு நாள் நின்றாலும் விவசாயிக்குப் பணம் தாமதமாகும், அதனால்தான் பிம்பம்.

லினக்ஸ் என்றால் பிம்பத்தை இறக்கும்போது டிரைவர் சிக்கல் குறைவு. பெரும்பாலான டிரைவர்கள் இயங்குதளத்தின் மையமான கர்னலோடே வருகின்றன.