பேன்டன் நாற்காலி: நுரையா, பாலிபுரொப்பிலீனா?

வெர்னர் பேன்டன் வடிவமைத்த, கால்களே இல்லாத இந்த வளைவு நாற்காலி 1967-ல் விட்ரா நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்தது. இப்போது இரு வகைகளில் கிடைக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். கைவைத்தால் வேறு வேறு.

கிளாசிக் வகை, பாலியூரிதேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் நுரையில் வார்த்தது. அச்சிலிருந்து எடுத்தபின் குழிகளை நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சு அடிக்கிறார்கள். விலை பல மடங்கு ஏறுவது இந்தக் கைவேலையால்தான். ஒளி வளைவில் வழுக்கி ஓடும் அழகு இதில் மட்டுமே உண்டு. ஆனால் நிறம் மேல்தோலில்தான். மேசை விளிம்பில் இடித்தால் சில்லு பெயரும், மெல்லிய கீறலும் பளிச்சென்று தெரியும்.

1999-ல் வந்தது, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த வகை. இதில் நிறம் பொருளுக்குள்ளேயே கலந்திருக்கிறது. மங்கிய பரப்பு கீறலை மறைக்கும். உட்கார்ந்தால் சற்றே வளைந்து கொடுக்கும், முதுகுக்கு அது சுகம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு யோசிக்காமல் இதையே வாங்கலாம். ஒரு குறை: நிறம் சலித்து மாற்ற நினைத்தால் சாதாரண பெயின்ட் இதில் ஒட்டாமல் உரிந்து வரும். நிரந்தரமாக வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும்.

பழைய நாற்காலி தேடுபவர்கள் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். இருக்கை கீழே வளையும் இடத்தில் விலா எலும்புபோல வரிகள் இருந்தால் அது 1970-களின் பாலிஸ்டைரீன் வார்ப்பு. அந்தப் பிளாஸ்டிக் வயதாக ஆக நொறுங்கும். உடைந்ததால்தான் 1979-ல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். காட்சிக்கு வைக்கலாம், உட்கார வேண்டாம்.