ஆறு வருடம், மூன்று பம்ப், ஒரு நீல டிரம்: உயிர் இரையில் பெரிய மீன்

ஆறு வருடத்துக்கு முன்னால் கையிலிருந்த காசையெல்லாம் ராடிலும் ரீலிலும் கொட்டினேன். இன்று யாராவது கேட்டால், முதல் காசை இரைத் தொட்டியில் போடுங்கள் என்பேன். ஒன்பது மயில் கோலா (முதுகில் பாய் போன்ற துடுப்பும் ஈட்டி மூக்கும் உள்ள செயில்ஃபிஷ்) படகோரம் வந்திருக்கின்றன. அதைவிடப் பெரிய ஈட்டி மூக்கு மீனான மார்லின் ஒரே ஒரு தடவை மாட்டி, அறுத்துக்கொண்டு போனது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் போவது காசிமேட்டிலிருந்து ஒரு அண்ணனின் ஃபைபர் படகில், ஜனவரி முதல் ஏப்ரல் வரை, மாதம் இரண்டு ஞாயிறு. டீசல் காசு என்னுடையது. விடிவதற்குள் இரை பிடித்துவிட வேண்டும். சின்னச் சின்ன இறகு கட்டிய ஆறு முள் தூண்டிலை இறக்கினால் கானாங்கெளுத்தி சரம் சரமாக ஏறும். கஷ்டம் அதைப் பிடிப்பதில் இல்லை, ஆழ்கடலின் நீலத் தண்ணி வரும்வரை சாகாமல் வைத்திருப்பதில்தான்.

முதல் வருடம் ஐஸ் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக் குமிழி மோட்டாரை வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பாதி மல்லாந்துவிட்டது. சதுரப் பெட்டியில் மீன் மூலையில் போய் மூக்கை இடித்துக்கொண்டே நிற்கும். மூக்கு சிவந்த இரை கடலில் இறக்கினாலும் நீந்தாது. குமிழி காற்றைத் தருமே தவிர, அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளாது. "மூச்சு முட்டுது பாரு தம்பி, தண்ணி ஓடணும்" என்று அண்ணன் அன்றே சொன்னார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்தேன், நூறு லிட்டர் பிடிக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 12 வோல்ட் பம்ப் ஒன்று வாங்கி, கடல் தண்ணீர் சுவரோரமாகச் சாய்வாக விழும்படி குழாய் வைத்தேன். தண்ணீர் சுழல்கிறது, மீனும் எதிர்த்து வட்டமாக நீந்துகிறது. வழிந்து போக மேலே ஒரு ஓட்டை. எட்டு கானாங்கெளுத்திக்கு மேல் போடுவதில்லை, பத்தாவதைப் போட்ட அன்றைக்கெல்லாம் நாலு செத்தது. டிரம் இன்றும் அப்படியே இருக்கிறது. பம்ப்தான் உப்பில் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்குவதில்லை, இது மூன்றாவது. கரை வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவியிருந்தால் இன்னும் கொஞ்சம் நாள் ஓடியிருக்கும்.

இரையாகப் போடும் சூரைக்கு இந்த டிரம்மும் போதாது. நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுளில் தண்ணீர் பாயும், நின்றால் மூச்சு நின்றுவிடும். பிளம்பரிடம் சொல்லி நாலு அங்குல பிவிசி குழாய் இரண்டை நிமிர்த்திக் கட்டி, அடியிலிருந்து தண்ணீர் ஏற்றுகிறேன். எலிச்சூரை என்கிற சின்னச் சூரையைத் தலைகீழாக அதில் இறக்கினால் வாய்க்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். பார்க்கப் பாவமாக இருந்தாலும் ஒரு மணி நேரம் கழித்தும் துள்ளும்.

இரையைக் கையால் பிடிப்பதையும் விட்டுவிட்டேன். வறண்ட கையில் பிடித்தால் வழவழப்பும் செதிளும் போய்விடும். முள்ளைக் கம்பியால் தட்டி நேராகத் தொட்டியில் விழ வைப்பதே உத்தமம்.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இப்போது சர்க்கிள் ஹூக் மட்டும்தான். முனை உள்பக்கம் வளைந்திருப்பதால் தொண்டையில் குத்தாமல் வழுக்கிவந்து வாயோரத்தில் மாட்டும். அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்க மயில் கோலா, மார்லின் போட்டிகளில் இயற்கை இரை போட்டால் இந்த முள்தான் என்று 2008 முதல் விதியே இருக்கிறது. முள்ளை இரையின் உடம்பில் குத்துவதில்லை. கண்ணுக்குச் சற்று முன்னால் ஊசியால் ரப்பர் பேண்டைக் கோத்து, அதில் முள்ளை முறுக்கி மாட்டினால் முனை வெளியே திறந்து நிற்கும், இரையும் இயல்பாக நீந்தும். இருபது நொடிக்கு மேல் எடுத்தால் இரை போச்சு. நான் வீட்டில் வெண்டைக்காயில் பழகினேன், சிரிக்காதீர்கள்.

படகு இரண்டு மூன்று நாட் (மணிக்கு நாலைந்து கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் போகக்கூடாது. பெரிய மீன் பின்னால் வந்ததும் இரைக்குத் தெரிந்துவிடும், ராடு முனை படபடவென்று நடுங்கும். ரீலைத் திறந்துவிட்டு விரலால் மட்டும் தூண்டில் நரம்பைத் தாங்க வேண்டும். மயில் கோலா முதலில் மூக்கால் அடிக்கும், அப்புறம்தான் திரும்பிவந்து விழுங்கும். கானாங்கெளுத்திக்கு ஐந்து எண்ணுவேன், சூரைக்குப் பத்து. பிறகு மெல்ல இறுக்கினால் போதும், சுண்டவே கூடாது. அண்ணனுக்கு இதுதான் வரவில்லை. முப்பது வருடமாகக் கைத்தூண்டிலைச் சுண்டிய கை அது. முதல் வருடம் மூன்று மீன் இப்படியே போனது. "சுண்டாம எப்டி தம்பி மாட்டும்?" என்று இன்றும் நம்பாமல்தான் பார்க்கிறார்.

மீனை விடுவதிலும் எங்களுக்குள் தகராறு வந்தது. எனக்கு விளையாட்டு, அவருக்கு அது ஏலத்துக்குப் போகும் பணம். கடைசியில் ஒப்புக்கொண்டது: நாளின் முதல் மீன் படகுக்கு, மற்றவை கடலுக்கு. பெரும்பாலான நாட்களில் முதல் மீனே கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

மார்லின் மாட்டியது இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பிப்ரவரியில். எலிச்சூரையைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போனது. இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒரு தடவை முழு உடம்போடு எழும்பி விழுந்தது. பக்கத்துடுப்பு மடங்காமல் விறைத்து நின்றால் கறுப்பு மார்லின், மடங்கினால் நீலம் என்பார்கள். அதைப் பார்க்கும் தூரத்துக்கு அது வரவேயில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம். டிராக்கை, அதாவது ரீலின் பிரேக்கை, நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றவில்லை, அதில் தப்பில்லை. தப்பு முள்ளுக்கு மேலே இருந்த தடித்த நரம்பில். மயில் கோலாவுக்குப் போதும் என்று கட்டியிருந்த நூறு பவுண்டு நரம்பையே சூரைக்கும் விட்டிருந்தேன். மார்லினின் மூக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, தேய்த்துத் தேய்த்து அறுத்துவிட்டது. முனையை இழுத்துப் பார்த்தபோது பஞ்சு போலப் பிரிந்திருந்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை, பீடியைப் பற்ற வைத்தார்.

இப்போது சூரை போடும் ராடில் முந்நூறு பவுண்டு நரம்பு, மூன்று மீட்டர். அதற்கப்புறம் சூரைக்கு மார்லின் எதுவும் வரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்தச் சமயம் நானும் போவதில்லை. டிரம் மொட்டைமாடியில் கவிழ்ந்து கிடக்கிறது. குழாய் வாயில் அடைத்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், நாலாவது பம்பும் வாங்கியாக வேண்டும் போலிருக்கிறது.